காய்ச்சலுக்கு அப்புறம் கொட்டுன முடி

ஒரு ஊர்ல ஒரு பஞ்சு மில்லு இருந்துச்சு. மில்லுக்குள்ளயே ஹாஸ்டல். வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்த புள்ளைங்க அங்கதான் தங்கும். அதுல ஒருத்தி பேரு செல்லக்கனி. ராமநாதபுரத்துக்குக் கெழக்க, கடலோரத்துப் பொண்ணு. நீ ம் சொன்னாத்தான் நான் மேல சொல்லுவேன்.

ம்... அப்படித்தான்.

மில்லு நாள் பூரா கடகட கடகடன்னு ஓடும். யாரு பேசுனாலும் காதுல விழாது. அதனால சாயங்காலம் வேலை முடிஞ்சதும் புள்ளைங்க வராண்டாவுல ஒருத்தி முதுகுக்குப் பின்னால ஒருத்தியா உக்காந்து, முன்னால இருக்கறவ தலையில ஒட்டுன பஞ்ச எடுத்து, சிக்கெடுத்து, பின்னிவிடுவாங்க. அப்போதான் பேச்சு, சிரிப்பு எல்லாம். செல்லக்கனிக்கு வீட்டு நெனப்பு வராத நேரம் அது ஒண்ணுதான். அவளுக்குப் பின்னால எப்பவும் ரஞ்சிதம் உக்காருவா. ரெண்டு பேருக்கும் அவ்வளவு ஒட்டு.

அப்புறம் செல்லக்கனிக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து, கெடையா கெடந்து பொழைச்சு எந்திரிச்சா. ரெண்டு மூணு மாசம் போச்சு. காய்ச்சலையே மறந்துட்டா. அப்போ ஒருநாள் ரஞ்சிதம் சரக்குனு சீப்ப இழுத்தா, கொத்தா முடி கையோட வந்துருச்சு.

"இது ஒட்டிக்கிற நோவுடி"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனவதான். மறுநாள் வேற ஒருத்தி பின்னால போயி உக்காந்துக்கிட்டா. அன்னையில இருந்து செல்லக்கனி தலைய யாரும் தொடல. தண்ணித்தொட்டிகிட்ட தனியா உக்காந்து தானே சீவிக்குவா. குளிக்கிற எடத்துல ஒரு முடி கெடந்தாக்கூட அவளக் கூப்பிட்டுத்தான் எடுக்கச் சொல்லுவாங்க.

ம்... பாவந்தான்.

கிட்ட வர மாட்டாங்களே தவிர, எட்ட நின்னு வைத்தியம் மட்டும் சொல்லுவாங்க. மொதல்ல ஒருத்தி, தெனம் நூறு வாட்டி சீவுனா முடி வளரும்னா. செல்லக்கனியும் சரக் சரக்னு சீவுனா. இருந்த முடியும் படக் படக்னு ஒடிஞ்சுது. அப்புறம் ஒருத்தி, எண்ணெய வழிய வழியத் தேயி, தலைக்குத் தண்ணியே காட்டாதன்னா. அதையும் செஞ்சா. எண்ணெயும் பஞ்சுத் தூசியும் அப்பி, பொடுகு வந்து, பரக் பரக்னு சொறிஞ்சா. பக்கத்துல படுத்தவளும் பாயச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டா. மூணாவதா சமையல்காரம்மா, மொட்டை போடு, அடர்த்தியா வரும்னாங்க.

அப்போ ஒரு ஞாயித்துக்கெழமை, ஒத்தையா கோயிலுக்குப் போயி மழமழன்னு மொட்டை எடுத்துட்டா. வர்ற வழியிலதான் ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாத்த டாக்டரம்மா இவளக் கண்டுட்டு, என்னம்மா இதுன்னு கேட்டு, அவ மொட்டைத் தலையில கைய வெச்சுப் பாத்தாங்க. எத்தனையோ நாளுக்கப்புறம் ஒரு கை. செல்லக்கனி பொலபொலன்னு அழுதுட்டா.

டாக்டரம்மா அழ விட்டுட்டு அப்புறம் சொன்னாங்க: "பெரிய காய்ச்சல் வந்தா அப்பவே முடி கொட்டாதும்மா, சில மாசம் கழிச்சுத்தான் கொட்டும். வேரு சாகல, தானா வந்துரும். இது யாருக்கும் ஒட்டாது." மொட்டை போட்டா அடர்த்தி கூடாது, வெட்டுன நுனி மழுங்கலா இருக்கறதால அப்படித் தெரியும், அவ்வளவுதான்னாங்க. எண்ணெய் பளபளப்புக்குத்தான், அழுக்குப் போக அலசணும், முட்டை, கீரை, பயறுன்னு வயித்துக்கு நல்லா சாப்பிடணும்னும் சொன்னாங்க.

வேகவேகமா வந்து புள்ளைங்ககிட்ட சொன்னா. ஒருத்தியும் நம்பல. அப்புறம் மாசம் போகப் போக முடி பொசுபொசுன்னு மொளச்சுது. முன்ன இருந்த மாதிரியேதான், கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. என்ன தடவுனேன்னு எல்லாரும் வந்து கேட்டாங்க. ஒண்ணும் தடவல, தானா வந்துச்சுன்னா. ரகசியத்த மறைக்கிறான்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. முடி கொட்டுனப்பவும் தனி, மொளச்சப்பவும் தனி.

ம்... கண்ணு சொருகுது உனக்கு. கொஞ்சந்தான் இருக்கு.

இதுக்கு நடுவுல மழைக்காலத்துல ரஞ்சிதத்துக்கும் காய்ச்சல் வந்து போயிருந்துச்சு. ஒருநாள் சாயங்காலம் தலையில துண்டப் போட்டுக்கிட்டு மெல்ல மெல்ல தண்ணித்தொட்டிகிட்ட வந்தா. மூடுன கையத் தொறந்தா, உள்ள உருண்டையா முடி.

"எனக்கும் கொட்டுதுடி. யாருக்கும் தெரியாது."

செல்லக்கனி இவகிட்ட கேக்கணும்னு எத்தனையோ வார்த்தை சேத்து வெச்சிருந்தா. அந்த மூஞ்சியப் பாத்ததும் தொட்டியில இருந்து தண்ணிய மொண்டா.

"திரும்பி உக்காரு"ன்னா.

சீயக்காய்ப் பொடியக் கரைச்சு, சலசலன்னு தண்ணிய ஊத்தி, நகம் படாம மெதுவா அலசிவிட்டா. வெரல் இடுக்குல முடி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அவ அலசறத நிறுத்தல. ரஞ்சிதம் தோளு குலுங்குச்சு. தண்ணியில எது கண்ணீருன்னு தெரியல.

"வந்துருமாடி?"ன்னு கேட்டா.

செல்லக்கனி தலையக் குனிஞ்சு காட்டுனா. "தொட்டுப் பாரு."

ரஞ்சிதம் கை மொதல்ல தயங்குச்சு. அப்புறம் தொட்டுச்சு.

அவ்வளவுதான்டா கதை. ம் சத்தத்தையே காணோம். கதையும் படுத்துக்கிச்சு, நீயும் தூங்கு.