அடுப்படிப் பல்லி ஏன் உச்சுக் கொட்டுகிறது?

அந்தக் காலத்தில் அடுப்புக்குச் சுவர் கிடையாது. ஆடு மாடு, காக்கை குருவி எல்லாவற்றுக்கும் பேச்சு உண்டு. இந்த இரண்டும் ஒரே காலத்தில் வந்து வாய்த்ததுதான் வினை.

வீடு என்றால் படுக்க ஒரு குடிசை, அவ்வளவுதான். சமையல் வாசலில். மூன்று கல்லைக் கூட்டி, சுள்ளியைச் செருகி, வெட்டவெளியில் உலை வைப்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாருடைய கண்ணிலும் சட்டி பட்டுவிடும். பட்டால் சும்மா போவார்களா? ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்ட ஒரு வாசலில்தான் பூவாத்தா சமைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கைமணக்காரி. அவளுடைய தங்கை செல்லாத்தா நாலு மாதக் கர்ப்பம். தாய் இல்லாத பிள்ளை, அதனால் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். மசக்கை அவளைப் படுத்தி எடுத்தது. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வரும், மோர் குடித்தால் மோர் வெளியே வரும். மூன்று நாளாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் அவளே வாய் திறந்து கேட்டாள். "அக்கா, உன்ற கையால புளிரசம் வெச்சுக் குடேன். அது ஒண்ணு எறங்கும்னு தோணுது."

வீட்டில் மூன்று உருண்டை புளி இருந்தது. மூன்று ரசத்துக்கு வரும். பூவாத்தா ஓடிப்போய் ஒரு உருண்டையை ஊறப்போட்டாள்.

ரசத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கொதிக்கக் கூடாது. நுரை கட்டி மேலே எழும்பும் அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சும்.

முதல் ரசம் அடுப்பேறியதும் வேலியோரம் நின்ற வெள்ளாடு எட்டிப் பார்த்தது.

"உப்புப் போட்டயா?"

"போட்டாச்சு."

"பாத்தா போட்ட மாதிரி தெரியலியே."

"உப்பு பாத்தாத் தெரியுமா? போ அந்தப் பக்கம்."

கூரைமேல் இருந்த காக்கை, "ஆடு சொல்றது நாயம்தான், பூவாத்தா. எதுக்கும் இன்னொரு சிட்டிகை போட்டு வை" என்றது. ஆட்டுக்குப் பதில் சொல்வதா, காக்கைக்குப் பதில் சொல்வதா என்று அவள் திரும்பினாள். அதற்குள் பூவாத்தாவின் புருஷன் சென்னியப்பன் குனிந்து ஒரு கை உப்பை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டான்.

"மாமா! என்னங்க பண்ணீட்டீங்க?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல? நல்லதுக்குத்தான போட்டேன்."

அந்த ரசத்தை வாயில் வைத்த செல்லாத்தா அப்படியே துப்பிவிட்டு ஓங்கரித்தாள்.

இரண்டாவது ரசத்துக்கு வண்டிமாடு வந்து வாய்த்தது. வேலமரத்து விறகு ஆகாது, புளியவிறகுதான் நின்று எரியும் என்று அது ஆரம்பித்தது. புளியவிறகு புகையும் என்றது ஆடு. இரண்டும் முட்டிக்கொண்டன. சண்டையை விலக்கப் போன பூவாத்தா திரும்பி வருவதற்குள் ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்" என்றது காக்கை. விறகைப் பற்றி அது அப்போது ஒன்றும் சொல்லவே இல்லை. எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

பூவாத்தா மண்வெட்டியை எடுத்தாள். மண்ணை வெட்டிக் குவித்தாள், தண்ணீர் ஊற்றினாள், வைக்கோலைப் போட்டு மிதித்தாள். அவளுக்கு இருந்த கோபத்துக்குப் பொழுது சாய்வதற்குள் அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் எழும்பிவிட்டது. மேலே ஓலையைப் போட்டு, குனிந்து நுழைய ஒரு வாசல் மட்டும் விட்டாள்.

"என்ன பூவாத்தா இது, மொகத்துல அடிச்ச மாதிரி?" என்றான் சென்னியப்பன்.

"ஒருத்தரும் உள்ள வரக் கூடாதுங்க. நீங்களுந்தான்."

எல்லாருக்கும் வருத்தம். நல்லதுக்குக் காலம் இல்லை என்று ஆடு சொல்லிக்கொண்டே போனது.

தண்ணீர்ப் பானை, வட்டில், உப்பு ஜாடி, அரிவாள்மணை என்று எல்லாவற்றையும் பூவாத்தா உள்ளே கொண்டு போனாள். புருஷனுடைய வெற்றிலைப் பெட்டியைக் கூட, வெளியே வைத்தால் ஆடு தின்றுவிடும் என்று உள்ளே வைத்தாள். அவள் செய்த பிசகு இதுதான். வீட்டில் இருந்த அத்தனையும் ஒரே அறைக்குள் போய்விட்டது, கூட அவளும்.

மறுநாள் காலை அவள் அடுப்பு மூட்டும்போது ஓலைக்கடியில் ஏதோ அசைந்தது. பார்த்தால் ஒரு பல்லி.

"நீ எப்படி உள்ள வந்தே?"

"ஓலையோட வந்துட்டனுங்க, பூவாத்தாக்கா. என்னை வெரட்டாதீங்க. பூச்சி பொட்டு சட்டியில உழுகாமப் பாத்துக்கறேன்."

"பேசுவயா?"

"மாட்டேன்."

"உப்பு, புளி, வெறகுன்னு ஒரு வார்த்தை?"

"இந்த அடுப்புமேல ஆணை. பேசினா என்ற பேச்சே இதுல எரிஞ்சு போகட்டும்."

அடுப்பின் மேல் ஆணையிட்டால் அந்தக் காலத்தில் அது பலித்துவிடும். பூவாத்தாவுக்கும் அது தெரியும், பல்லிக்கும் தெரியும். அவள் தலையாட்டிவிட்டுக் கடைசி உருண்டைப் புளியைக் கரைத்தாள்.

ஆகா, எவ்வளவு நிம்மதி! உப்பை ஒரே முறை போட்டாள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டாள். ஒரு வாயும் குறுக்கே வரவில்லை. சட்டியின் ஓரத்தில் மெல்ல நுரை கட்டத் தொடங்கியது.

"பூவாத்தா, தண்ணி!" வெளியிலிருந்து சென்னியப்பன் குரல்.

"வந்து மொண்டு குடிங்க மாமா, கை வேலையா இருக்கேன்."

"உள்ள வரக் கூடாதுன்னு நீதான சொன்னே?"

பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து சட்டியைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. குனிந்து அடுப்பை ஊதினாள்.

"என்ற வெத்தலைப் பொட்டி எங்க?"

அதையும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பாக்குவெட்டி உள்ள இருக்குது பாரு."

அதையும் கொடுத்தாள். அடுப்படிக்குள் மறுபடி நுழையப் போனவளை, "இந்தா, இந்தச் சொம்பை உள்ள வெச்சுரு" என்று திரும்பக் கூப்பிட்டான். அவன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நேற்று வரைக்கும் தானே மொண்டு குடித்தவன், தானே எடுத்து மென்றவன். சுவர் ஒன்று வந்ததும் அவனுக்குக் கால் இருப்பதே மறந்துவிட்டது.

உள்ளே ரசம் எழும்பியது. நுரை சட்டியின் கழுத்தைத் தாண்டிவிட்டது.

பல்லி பார்த்தது. பொங்கினால் அவ்வளவுதான், வேறு புளி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் செல்லாத்தா முனகுவது கேட்டது. ஐந்து நாளாக ஒன்றும் சாப்பிடாத பெண். வாயைத் திறந்தால் பேச்சு போய்விடும். திறக்காவிட்டால்?

"அக்கா! ரசம்!" என்று பல்லி கத்தியது.

சொம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள் பூவாத்தா. முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கினாள். ஒரு சொட்டு வழியவில்லை. அறை முழுக்க மணம்.

செல்லாத்தா ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் சோறும் பிசைந்து சாப்பிட்டாள். எல்லாம் தங்கியது. சாப்பிட்ட கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பூவாத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"சாமி, உனக்கு நான் என்ன செய்வேன்? என்ன வேணும், கேளு" என்றாள்.

பல்லி வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. தொண்டையை அசைத்துப் பார்த்தது. பூவாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஐயோ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, மிச்ச ரசத்தை ஊற்றிச் சாப்பிட்ட சென்னியப்பன் வெளியிலிருந்து ஏப்பம் விட்டான். "ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. எதுக்கும் இன்னுங் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம். அந்தத் தண்ணியைக் கொண்டா பாக்கலாம்!"

"உச்... உச்... உச்" என்றது பல்லி.

எரிந்துபோன பேச்சில் அது ஒன்றுதான் மிச்சம். பூவாத்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆனால் தன் மனதில் இருந்ததை ஒருவர் அப்படியே சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "இந்தச் சுவரு இருக்கற வரைக்கும் இது உன்ற எடம்" என்று சொல்லிவிட்டாள்.

மற்ற பிராணிகளின் பேச்சு எப்படிப் போனது என்பது வேறு கதை. அதை இப்போது இழுத்தால் அடுப்பில் இருப்பது பொங்கிவிடும்.

அன்று முதல்தான் சமைக்கிறவள் உள்ளேயும் சாப்பிடுகிறவர்கள் வெளியேயும் ஆனார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து யாராவது தண்ணீர் கேட்டு அடுப்படிக்குக் குரல் கொடுத்தால், உள்ளே சுவரில் பல்லி உச்சுக் கொட்டுகிறது, குரல் கொடுத்தவரோ அது எந்தத் திசையில் சொன்னது, என்ன பலன் என்று உட்கார்ந்தபடியே பஞ்சாங்கத்தையும் கொண்டுவரச் சொல்கிறார்.