மடத்தில் சொல்லக்கூடாத சொல்

தாமிரபரணிக் கரையில் ஒரு மடம் இருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நோயாளிகளைக் கடைசி மூச்சு வரை வைத்துப் பார்க்கும் மடம். அங்கே 'அருவருப்பு' என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்கக்கூடாது. புண்ணைப் 'பூ' என்பார்கள். கட்டுப் பிரித்துக் கட்டுவது 'பூ மாற்றுவது'. சீழ் வைத்து நாறினால் 'பூ மலர்ந்திருக்கு'. வெளியூர்க்காரன் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். அங்கே யாரும் சிரித்ததில்லை.

இது குரு நாகம்மை போட்ட சட்டமில்லை. எப்பேர்ப்பட்ட புண்ணையும் முகம் சுளிக்காமல் கழுவும் அம்மையைப் பார்த்துவிட்டு, சீடர்கள் பக்தி முற்றித் தாங்களே உண்டாக்கிக்கொண்டது. அந்தச் சொல்லுக்கு மூத்த சீடர் மாசிலாமணி ஒரு பொருளும் சொல்லிவைத்திருந்தார். "அன்பு இல்லாதவங்களுக்குத்தான் அது வரும்."

இந்தப் பொருள்தான் விசாகப்பெருமாளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

பெருமாள் கல்யாணச் சமையல்காரர். அம்மையைவிட இருபது வயது மூத்த சீடர். அவருக்குச் சோறு போட்டதே மூக்குதான். தெருமுனையில் நின்றே எந்த அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே மூக்குதான் அவரைக் கவிழ்த்தது. போன வருஷம் அவர் மனைவி கோமதி இதே மடத்தில் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணாகக் கிடந்து இறந்தார். பெருமாளால் வாசற்படி தாண்ட முடியவில்லை. எல்லாவற்றையும் அம்மைதான் செய்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெருமாள் மடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். அம்மையைப் போல் ஆகவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஆசை இருந்து என்ன செய்ய? டவுன் பஸ் கண்டக்டராக இருந்த சுயம்புலிங்கத்துக்குக் கன்னத்தில் புற்று. பெருமாள் கஞ்சி கொண்டுபோன நேரம் பார்த்துக் கட்டு அவிழ்ந்திருந்தது. கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூட அவகாசமில்லை. சுயம்புலிங்கத்தின் போர்வை மேலேயே வாந்தி எடுத்துவிட்டு ஓடினார்.

அன்றிலிருந்து சுயம்புலிங்கம் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. மாசிலாமணி போய்க் கெஞ்சினார். "ஒரு நாத்தமும் இல்ல ஐயா, பூ மாதிரி இருக்கு. ஒரு வாய் சாப்பிடுங்க." சுயம்புலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவருக்கு உதடு வெடித்துவிட்டது.

பெருமாள் துணிமூட்டையோடு அம்மை முன்னால் வந்து நின்றார். சீடர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"நான் போறேன் தாயி. என்னால ஒரு உசுரு பட்டினி கிடக்கு. நான் அருவருப்புப் பிடிச்சவன்."

அந்தச் சொல் விழுந்ததும் மாசிலாமணி காதைப் பொத்திக்கொண்டார்.

அம்மை மூட்டையைப் பார்த்தார். "கஞ்சி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

எல்லாரும் பின்னாலேயே போனார்கள். அம்மை சுயம்புலிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். உள்ளே பல் தெரிந்தது. பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தார். சட்டென்று எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அடிவயிறு குலுங்க ஓங்கரித்து வாந்தி எடுத்தார்.

பெருமாள் கஞ்சிக் கிண்ணத்தோடு ஜன்னலையே பார்த்தார். அம்மையா? மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"நாத்தம் குடலப் புடுங்குது ஐயா" என்றார்.

சுயம்புலிங்கத்தின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் சிரித்தார்.

"எனக்குந்தான் தாயி" என்றார், பாதி வாயால். "ராத்திரி பகலா என் மூக்குக்குக் கீழயேல்லா இருக்கு."

"பெறகு ஏன் சாப்பிடல? இவர் வாந்தி எடுத்தார்னு கோவமா?"

"அவர் மேல என்ன கோவம்? வாந்தி பொய் சொல்லாதுல்லா. அதுக்கப்புறம் வந்தவங்க பூ மாதிரி இருக்குன்னாங்க. இதுக்கே பொய் சொல்லுதவங்க கையால எப்படித் திங்கிறது?" மூச்சு வாங்கியது. பெருமாளைப் பார்த்தார். "இவரு திரும்பி வருவாருன்னு பார்த்தேன். மூணு நாளும் வாசலத்தான் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன்."

பெருமாளால் கண்ணை நிமிர்த்த முடியவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்த இன்னொரு முகம் அவருக்குத் தெரியும்.

அம்மை கஞ்சியை ஊட்டினார். பாதி உள்ளே போயிற்று, பாதி கன்னத்து வழியாக வழிந்தது. மறுபடியும் துடைத்தார், கட்டினார், வெளியே வந்தார்.

பெருமாள் அவர் பின்னாலேயே ஓடினார்.

"தாயி, உங்களுக்கு அருவருப்பே கிடையாதுன்னு இருந்தேன்."

"யாரு சொன்னா?"

"அன்பு இல்லாதவங்களுக்குத்தான் அது வரும்னு... என் கோமதி மேல எனக்கு அன்பே இல்லாமப் போச்சோன்னு ஒரு வருஷமா தூக்கம் கிடையாது தாயி." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "அவளைக் கழுவும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"அன்னைக்கும் வாந்தி எடுத்தேன் அண்ணாச்சி. ரெண்டு தடவை. நீங்க முன்வாசல்ல நின்னீங்க, நான் கொல்லைப்பக்கம் போனேன். அதான் உங்களுக்குத் தெரியல."

பெருமாள் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எடுத்துட்டு?"

"வாயைக் கொப்பளிச்சிட்டு உள்ள போனேன்."