ஓநாய் போட்ட எல்லை

வேற்று மலையிலிருந்து வந்த ஓநாய்கள், குரங்குகளின் தோப்பையும் ஆமைகளின் மணல்மேட்டையும் சுற்றி வந்து, மரத்துக்கு மரம் காலைத் தூக்கி நனைத்து எல்லை போட்டன. "எல்லாம் ஒரே காடு, எங்கள் காடு!" என்று ஆளத் தொடங்கின.

குரங்குகளும் ஆமைகளும் சேர்ந்துதான் அவற்றை விரட்டின. குரங்குகள் மேலிருந்து கல்லெறிந்தன. ஆமைகள் ஆற்றுத்துறையில் பதுங்கிக் காலைக் கவ்வின.

அன்றே ஒரு சபதம் எடுத்தன. "இனி அவரவர் வாழ்க்கையை அவரவரே தீர்மானிப்போம்!" பாறைக்கு அடியிலிருந்த ஈரக் களிமண்ணில் குரங்குத் தலைவன் சடையன் கையைப் பதித்தான். ஆமைகள் நகத்தைப் பதித்தன. களிமண் காய்ந்து இறுகியது.

சடையன் அரசனானான். குரங்குகள் முந்நூறு, ஆமைகள் நாற்பது. கை தூக்கச் சொன்னால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

"ஒரே காடு, ஒரே வழக்கம்! எல்லாக் குஞ்சும் குட்டியும் மரத்தில்தான் பிறக்கணும்!" என்று சட்டம் வந்தது.

ஆமை முட்டைகளை மரப்பொந்துகளில் ஏற்றி வைத்தார்கள் குரங்குச் சேவகர்கள். மணற்சூடு இல்லாமல் அவ்வளவும் அழுகிப்போயின. ஒரு குஞ்சுகூடப் பிறக்கவில்லை.

மறு வருடம் ஆமைகள் மணல்மேட்டிலேயே முட்டையிட்டு மூடின. தோண்டியெடுக்கக் குரங்குப் படை வந்தது. ஆமைகள் ஓட்டோடு ஓடு ஒட்டி, முட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டன.

"நகரு, பாசி!" சடையன் சீறினான்.

"நகர மாட்டோம்!" என்றாள் பாசி. போன வருடம் பன்னிரண்டு முட்டைகளைப் பறிகொடுத்த ஆமை அவள்.

"காட்டைத் துண்டு போடப் பாக்குறியா? எல்லை புனிதமானது!"

"எந்த எல்லை? ஓநாய் காலைத் தூக்கி நனைச்சுட்டுப் போச்சே, அதுவா?"

சில குரங்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"எங்க மணல்ல எங்க குஞ்சு பொறக்கணும். உங்களோட இருந்தே அது நடந்தா, இருப்போம். நடக்கலைன்னா எங்க வழியை நாங்க பாத்துக்குவோம். சபதம் எடுத்தப்போ முந்நூறு, நாப்பதுன்னு தலையா எண்ணினோம்? போய் உன் கையை அந்தக் களிமண்ணுல வச்சுப் பாரு!"

எல்லோரும் பார்க்கச் சடையன் போய்க் கையை வைத்தான். விரலுக்கு விரல் பொருந்தியது. அவன் முகம் தொங்கிப்போனது.

"சரி, மணல்மேட்டுச் சட்டத்தை இனி நீங்களே போட்டுக்குங்க" என்று முணுமுணுத்தான்.

பாசி விடவில்லை. "அதையும் புது ஈரக் களிமண்ணுல பதிச்சுட்டுப் போ!"

பதித்தான். அப்படியும் குஞ்சுகள் வெளிவந்து ஆற்றில் இறங்கும் வரை, ஆமைகள் அந்த மேட்டை விட்டு அசையவே இல்லை.

தனக்காகப் போராடி வாங்கிய உரிமையைத் தன்னைவிடச் சிறிய கூட்டத்துக்கு மறுப்பவன், தான் விரட்டிய ஓநாயாகவே மாறிவிடுகிறான்.