பிச்சாண்டிக்கு வைத்த பேச்சுப் பரீட்சை

பள்ளநாட்டை ஆண்ட கார்வண்ணராயர் நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர். அந்த வருஷம் அவருக்குத் தூக்கமே போய்விட்டது. ஆற்றுத் தண்ணீர் மேட்டுநாட்டு வழியாகத்தான் கீழே வரவேண்டும். மேட்டுநாட்டு அரசர் மல்லப்பர் திடுதிப்பென்று மதகை இறக்கிவிட்டார். ஏன் என்று சொல்லவும் இல்லை. இங்கே நாற்றெல்லாம் வாட ஆரம்பித்துவிட்டது. தூது போனவர்கள் விதவிதமாகப் பேசிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

“நன்றாகப் பேசத் தெரிந்தவன் ஒருத்தன் இந்த நாட்டில் கிடையாதா?” என்று ராயர் சபையில் அலுத்துக்கொண்டார்.

ஆஸ்தானப் பண்டிதர் வாக்கீசர் உடனே எழுந்தார். சந்தையிலும் சத்திரத்திலும் வருஷக்கணக்காக உட்கார்ந்து, ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர் அவர். பேச்சுத் திறமையை அளக்க ஒரு முறையையே உண்டாக்கி, அதற்கு ‘வாக்குமானம்’ என்று பெயரும் வைத்திருந்தார்.

“பேச்சைக்கூட அளக்க முடியுமா?” என்றார் ராயர்.

“தங்கத்தை உரைத்துப் பார்ப்பதுபோல உரைத்துவிடலாம், மன்னா. எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் நூறு மதிப்பெண். பிழைக்குப் பிழை குறையும். குரல் நடுங்கினால் குறையும். கையை வீணாக வீசினால் குறையும். தயங்கினால் இரண்டு பங்கு குறையும்.”

“தயக்கம் என்று எதைச் சொல்கிறீர்?”

“ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல் வராமல் நடுவில் நிற்பதை.” அப்படிச் சொல்லும்போது அவர் பார்வை பிச்சாண்டியின் மேல் போய் நின்றது.

பிச்சாண்டி சபையின் விகடகவி, ராயருக்குச் செல்லப்பிள்ளை. புத்தி மின்னல். நாக்கு மட்டும் பிறந்ததிலிருந்தே இடறும். வார்த்தை பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கும். அவன் திக்கித் திக்கிச் சொல்லும் ஒரு வரிக்குச் சபை குலுங்குவதும், தான் மூச்சுவிடாமல் சொல்லும் நூறு வரிக்குச் சபை கொட்டாவி விடுவதும் பண்டிதருக்கு வெகுநாள் எரிச்சல்.

“சபையில் பேசிப் பிழைக்கிற எல்லோரும் இந்தப் பரீட்சைக்கு நிற்கட்டும், மன்னா. முதலில் வந்தவன் தூது போகட்டும். தேறாதவனுக்குச் சபையில் என்ன வேலை?”

“அப்படியே ஆகட்டும்!” என்றார் அவசரக்கார ராயர்.

பிச்சாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. ‘நீர்’ என்பது தலைப்பு. பண்டிதரின் மருமகன் வரதன் முதலில் ஏறினான். கங்கையில் தொடங்கிக் கடல்வரை அருவியாய்க் கொட்டினான். தொண்ணூற்றாறு!

அடுத்து பிச்சாண்டி. மேடையேறினான். கும்பிட்டான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“ம், ஆரம்பி” என்றார் பண்டிதர்.

பிச்சாண்டி அவரைப் பார்த்துப் புன்னகைத்தான்.

“என்னப்பா, வா... வாயைத் திறயேன்!” பண்டிதருக்கே நாக்குக் குழறியது.

நேரம் முடிந்து மணி அடித்தது. பிச்சாண்டி இறங்கி வந்து, “ப... பண்டிதரே, எனக்கு எவ்வளவு?” என்றான்.

“எவ்வளவா? சுழி!”

“நூறில் ஆ... ஆரம்பிப்பதாகச் சொன்னீர்களே. என் குரல் நடுங்கியதா?”

“குரலே வரவில்லையே!”

“கையை வீசினேனா?”

“இல்லை.”

“பிழையாக ஒரு சொல்?”

“நீ எங்கே சொன்னாய்? முழுக்க முழுக்கத் தயக்கம் ஐயா, தயக்கம்!”

“ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நிற்பதுதானே த... தயக்கம்? நான் முதல் சொல்லையே சொல்லவில்லையே!”

பண்டிதர் பொறாமைக்காரர்தான், ஆனால் கணக்கில் பொய் சொல்லாதவர். “நூறு” என்றார்.

ராயர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அப்படியானால் நீதான் முதல்! நாளைக்கே மேட்டுநாட்டுக்குக் கிளம்பு!”

சபை வேலை நிலைத்தால் போதும் என்று நினைத்த பிச்சாண்டி இப்படி மாட்டிக்கொண்டானே!

வழியெல்லாம் ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே போனான். மேட்டுநாட்டுச் சபையில், “இன்னொருத்தனா? சரி, நீயும் கொட்டு” என்றார் மல்லப்பர் சலிப்போடு.

“அ... அ... அ...” அதற்குமேல் வரவில்லை. பிச்சாண்டிக்கு வியர்த்துக் கொட்டியது.

மல்லப்பர் முகம் இளகியது. “பதறாதே அப்பா. உட்கார். மோர் குடி. உனக்கு முன்னால் வந்தவர்கள் என்னை ஒரு வார்த்தை பேசவிட்டார்களா?”

பிச்சாண்டிக்குப் பளிச்சென்று விளங்கியது. மனப்பாடம் செய்ததை அப்படியே விட்டுவிட்டான். “நீங்கள் பே... பேசுங்கள், அரசே.”

“என் செண்பகம் உங்கள் கொட்டாரத்தில்தான் இருக்கிறாள், தெரியுமா?”

“அப்புறம்?”

செண்பகம் ஒரு யானை. தாயில்லாத குட்டியாகக் கிடைத்தவளுக்கு மல்லப்பரே பால் புகட்டி வளர்த்திருந்தார். எல்லை தாண்டி மேயப் போனவளைப் பள்ளநாட்டில் யானைகளைக் கட்டும் கொட்டாரத்தின் அதிகாரி பிடித்துக் கட்டிவிட்டார். கேட்கப் போன பாகனையும் விரட்டிவிட்டார். ராயர் காதுக்கு இது எட்டவே இல்லை.

“அப்புறம்?” என்றான் பிச்சாண்டி. மல்லப்பர் சொன்னார். அவள் கரும்பு தின்னும் அழகைச் சொன்னார், இடிக்குப் பயந்து தம் பின்னால் ஒளிவதைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கண் கலங்கியது, மனம் லேசானது.

“செண்பகத்தை நா... நானே கூட்டி வருகிறேன், அரசே” என்றான் பிச்சாண்டி.

“வரட்டும். அதுவரை பயிர் ஏன் காயவேண்டும்? மதகைத் தூக்குங்கடா!” என்றார் மல்லப்பர்.

பிச்சாண்டி ஊர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட ராயர் கொட்டார அதிகாரியைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். செண்பகத்துக்குப் பட்டுப் போர்த்தி வழியனுப்ப உத்தரவிட்டார்.

வாக்கீசர் ஓலையும் எழுத்தாணியுமாக ஓடிவந்தார். “மல்லப்பரிடம் என்னதான் பேசினாய்? ஒன்று விடாமல் சொல்லு. வாக்குமானத்தைத் திருத்தி எழுதவேண்டும்.”

“பெரிதாக ஒன்றுமில்லை, பண்டிதரே. ‘அப்புறம்?’ என்று கேட்டேன். அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது?”

“அதை ம... மல்லப்பரிடம்தான் கேட்கவேண்டும்.”

ராயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். “பிடித்திருக்கிறதா?”

பிச்சாண்டி மாலையைத் தடவிப் பார்த்தான். ராயரை நிமிர்ந்து பார்த்தான். துளிகூடத் திக்காமல் கேட்டான்:

“அப்புறம்?”