மூச்சுச் சாமியின் இடது இடுப்பு

சாமி ஒரு மூச்சு விட்டார். அப்புறம் விடவில்லை.

குகைக்குள் உட்கார்ந்திருந்த கூட்டம் கை கூப்பியது. தங்கப்பழம் மட்டும் கூப்பவில்லை. அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார். வரவில்லை. கூட்டத்தில் ஓர் அம்மா அழ ஆரம்பித்தாள், சந்தோஷத்தில்.

வந்தது. தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை.

"பாத்தீரா வே?" என்றார் பக்கத்தில் இருந்த செல்லையா. "சமாதி. இத்தனை வருசம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தவரு. இப்ப மூச்சையே விட்டுட்டாரு."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

செல்லையா அடிவாரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். அந்தக் குகை மடத்துக் காரியமெல்லாம் அவர் கையில். தங்கப்பழம் சீடர், ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

மழைக்காலத்தில் சாமி பாறைப் படியில் வழுக்கி விழுந்தார். இடது இடுப்பு உடைந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

"இது அபின் குடும்பத்து மாத்திரை. நல்லா கேக்கும். ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் குறைச்சுக் குறைச்சு நிறுத்தணும். நீங்களா கூட்டிறக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

நல்ல மாத்திரைதான். பொய் சொல்ல வேண்டாம். அது இல்லாவிட்டால் அந்த முதல் வாரத்தைச் சாமி தாண்டியிருக்க மாட்டார்.

டாக்டரம்மா கொடுத்தது தீர்ந்தது. செல்லையா கடையிலிருந்து வர ஆரம்பித்தது. அவர் டாக்டர் எழுதின சீட்டு கேட்கவில்லை. சாமியிடம் யார் சீட்டு கேட்பார்கள்? பூ, பழம், கற்பூரம் வைத்த தட்டில் ஓர் அட்டை மாத்திரையையும் வைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஒன்று இரண்டானது. அதற்கப்புறம் எத்தனை ஆனது என்று யாருக்கும் தெரியாது.

சாமி சாப்பிடுவதைக் குறைத்தார். தவம் என்றார்கள். நாள்கணக்கில் வெளிக்குப் போகவில்லை. உடம்பு சுத்தமாகிவிட்டது என்றார்கள். மூக்கையும் கையையும் சொறிந்துகொண்டே இருந்தார். சக்தி ஊறுகிறது என்றார்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது தலை தொங்கிவிடும். அதற்கு விழுந்து கும்பிட்டார்கள். தங்கப்பழமும் கும்பிட்டவர்தான்.

இன்றைக்கு அவர் அகல் விளக்கை எடுத்துக்கொண்டு சாமி பக்கத்தில் போனார். சாமியின் கண் பாதி திறந்திருந்தது. குகை இருட்டில் கண்மணி விரிய வேண்டும். பூனைக்குக்கூட விரியும். சாமியின் கண்மணி கடுகு மாதிரி இருந்தது. அந்தக் கடுகு விளக்கையும் பார்க்கவில்லை, தங்கப்பழத்தையும் பார்க்கவில்லை.

உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

தங்கப்பழம் சாமியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "சாமி! எந்திரிங்க! கடைசி ஸ்டாப் வந்திருச்சு!"

முப்பது வருடப் பழக்கம். வாயில் அதுதான் வந்தது.

"தொடாதீரும் வே! சமாதியில இருக்கவரைத் தொட்டாப் பாவம்!"

"பாவம் எனக்கு வரட்டும். நீரு ஆம்புலன்ஸைக் கூப்பிடும். கூப்பிடும்வே, உதட்டைப் பாரும்!"

செல்லையா பார்த்தார். அவர் மாத்திரை விற்பவர். பார்த்ததும் தெரிந்துவிட்டது. போனை எடுத்துக் கூப்பிட்டார்.

"சாமி, மூச்சு விடுங்க" என்று காதில் கத்தினார் தங்கப்பழம்.

சாமி விட்டார்.

அப்புறம் சும்மா இருந்தார்.

"விடுங்க சாமி."

விட்டார்.

சொன்னால் விட்டார். சொல்லாவிட்டால் விடவில்லை. ஊருக்கெல்லாம் மூச்சு சொல்லிக் கொடுத்தவருக்கு, மலையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஒவ்வொரு மூச்சையும் தங்கப்பழம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே போனார். ஒரு வளைவில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் இருமி முடிக்கும் வரைக்கும் சாமியும் மூச்சு விடாமல் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கடுகு பெரிதானது. சாமி கண் விழித்தார்.

"எங்க சாமி போயிருந்தீங்க?"

"எங்கயும் போகலை அண்ணாச்சி."

"சமாதின்னாங்களே."

"நான் மூச்சை நிறுத்தலை. விடணும்ங்கிறதே மறந்து போச்சு."

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு கூடிவிட்டது. தங்கப்பழம் படத்தைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார்.

"எலும்பு கூடியிருச்சு சாமி. அப்புறம் உள்ள இருந்து யாரு மாத்திரை கேக்கா?"



ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று, குறைத்துக் குறைத்துக் கொடுக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. ரொம்ப முடியாவிட்டால் உடனே கூட்டி வரச் சொன்னார். தங்கப்பழம் மாத்திரையைத் தன் பழைய கண்டக்டர் பைக்குள் போட்டுக்கொண்டார். பை தோளைவிட்டு இறங்காது.

"டாக்டர் சொன்னதுக்கு மேல கேட்டாக் குடுக்காதீங்க அண்ணாச்சி" என்றார் சாமி.

"நீங்களே கேட்டாலுமா?"

"நானே கேட்டாத்தான்."

மடத்துக்குத் திரும்பினார்கள். சாமிக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. மயிர் பறித்த கோழி மாதிரி தோல் புடைத்துக்கொண்டது. காலை ஓர் இடத்தில் வைக்க முடியவில்லை. இரண்டு நாள் கூட்டம் வந்து பார்த்தது. சாமிக்குச் சக்தி போய்விட்டது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. செல்லையா மேலே ஏறவே இல்லை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். தங்கப்பழம் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"ஏல."

தங்கப்பழம் திரும்பிப் பார்த்தார். குகையில் சாமியைத் தவிர யாரும் இல்லை. சாமி அவரை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஏல தங்கப்பழம். பையைக் கொண்டா."

"அடுத்தது காலையிலதான் சாமி."

"குரு சொல்லுதேன்."

"குடுக்காதேன்னும் குருதான் சொன்னாரு."

"அது உன்னைச் சோதிச்சது. இதுதான் நிஜம். குரு சொன்னதைக் கேக்காத நீ எதுக்கு இங்க இருக்க? போயி பஸ்ல டிக்கெட் கிழி."

தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து, தைலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார்.

"ரொம்ப வலிக்குதா சாமி?"

"உயிர் போகுதுல. உனக்கு இடுப்பு உடைஞ்சிருந்தாத் தெரியும்."

"எங்கன்னு காட்டுங்க. தேய்ச்சு விடுதேன்."

போர்வைக்குள்ளிருந்து சாமியின் கை வந்தது. நடுங்கிக்கொண்டே மெதுவாக வந்தது. போர்வையை விலக்கி இடுப்பை அழுத்திப் பிடித்தது.

வலது இடுப்பை.

தங்கப்பழம் விளக்கை எடுத்து அந்தக் கைப் பக்கம் நீட்டினார்.

சாமி குனிந்து பார்த்தார். தன் கையைப் பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தையல் தழும்பு இந்தப் பக்கம், இடது பக்கம், விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது.

 பிறகு ஒரு மூச்சு வந்தது. யாரும் சொல்லாமல், நீளமாக, தானாக வந்தது.

"அண்ணாச்சி."

பழைய குரல்.

"சொல்லுங்க சாமி."

"உள்ள இருந்து யாரு கேக்கான்னு கேட்டீங்களே. பாத்துக்கிட்டீங்களா? எந்தப் பக்கம் உடைஞ்சதுன்னுகூட அதுக்குத் தெரியலை."

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கியது. விளக்கைக் கீழே வைத்தார். "பாத்தேன் சாமி."

சாமி சிரித்தார். வலது பக்கத்திலிருந்து கையை எடுத்தார். இடது பக்கம் கொண்டுவந்தார். தழும்பின் மேல், சரியான இடத்தில், வைத்தார்.

"இப்ப நான்தான் கேக்கேன் அண்ணாச்சி. குடுங்க."

தங்கப்பழம் கொடுக்கவில்லை.