செம்பி கண்ட இரண்டு கிளைகள்

காட்டாற்றின் இக்கரையில் அத்திக்காய் தீர்ந்துபோயிற்று. குரங்குக் கூட்டம் அக்கரைக்குத் தாவ முடிவு செய்தது. ஆற்றின் மேல் நீண்டிருந்தது அக்கரை மருதமரத்தின் ஒரே ஒரு கிளை. அதைப் பிடித்தால் பிழைப்பு.

செம்பி என்ற மந்திக்கு மாறுகண். வலது கண் கிளையைப் பார்த்தால் இடது கண் மூக்கைப் பார்க்கும். இடதைத் திருப்பினால் வலது வேறெங்கோ போய்விடும். இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்த அவளால் முடிந்ததே இல்லை.

எல்லோரும் தாவிவிட்டார்கள். செம்பி மட்டும் இக்கரை நாவல்மரத்தில் நின்றாள்.

“என்னடி யோசனை?” என்று அக்கரையிலிருந்து கத்தினார் கூட்டத்தின் தலைவர் தாட்டான்.

“இரண்டு கிளை தெரிகிறதே, தலைவரே!”

“இருப்பது ஒன்றுதான்!”

“அப்படியென்றால் எனக்கு ஒன்று அதிகம்!”

கூட்டம் சிரித்தது. செம்பி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

“திற, திற! தாவும்போது கண்ணை மூடக்கூடாது. நம் கூட்டத்தின் சட்டம் தெரியாதா? வலப்பக்கக் கிளையைப் பிடி!”

தலைவர் சொல்லாயிற்றே! இரண்டு கண்களையும் அகலத் திறந்து, வலப்பக்கம் தெரிந்த கிளைக்குத் தாவினாள். கையில் காற்றுதான் அகப்பட்டது. தொப்பென்று ஆற்றில் விழுந்தவள், சொட்டும் வாலோடு பழைய மரத்திலேயே ஏறினாள்.

“சரி, அப்போ இடது!” என்றார் தாட்டான், கொஞ்சமும் கூசாமல்.

மரத்தடியில் சருகு நொறுங்கியது. சிறுத்தை! அண்ணாந்து பார்த்தது. ஏறத் தொடங்கியது.

“வலது!” “இடது!” “நடுவில் தாவு!” அக்கரையே அலறியது.

“ஒன்றையே பார்க்கிற உங்களுக்கு, நான் பார்க்கிற இரண்டில் எது பொய் என்று எப்படித் தெரியும்?” என்று கத்தினாள் செம்பி. இடது கண்ணை இறுக மூடினாள்.

“சட்டம்! சட்டம்!” என்று குதித்தார் தாட்டான்.

ஒரு கிளை மறைந்தது. தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தூரத்தை அளந்தாள். சிறுத்தையின் மூச்சு வாலில் சுட்டது. அப்போதும் இன்னொரு முறை அளந்தாள். பிறகுதான் தாவினாள்.

மருதமரத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது தாட்டான் மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நான் சொன்ன இடது கிளைதானே?”

“மிச்சம் இருந்த கிளை, தலைவரே.”

அடுத்தவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அறியாதவரின் யோசனையைவிட, தன் கண்ணின் குறையை அறிந்தவரின் நிதானமே உயிரைக் காக்கும்.