கிளையில் உட்கார்ந்த ஆள்காட்டி

கருவேலங்குளத்துக் கரையில் மஞ்சக்காலி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். அவளுக்கு ஒரே வேலை, கத்துவது. நரி தலையைக் காட்டினால் கத்துவாள். கழுகு வட்டமிட்டால் கத்துவாள். "டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" என்று அவள் கூப்பாடு போட்ட மறுகணம் கரையில் இருக்கும் பறவைகள் அத்தனையும் தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். மூன்று கோடையாக அந்தக் குளத்தில் ஒரு குஞ்சுகூடப் பறிபோனதில்லை.

ஆனாலும் அவளுக்கு மனசுக்குள் ஒரு குறை. உயிரைக் காப்பாற்றுகிறவள் என்று யார் சொன்னார்கள்? "வாய்க்காரி" என்றுதான் சொன்னார்கள்.

அந்த வருஷம் குளத்துத் தலைவரான கூழைக்கடா, பெரிய மீன் கிடைக்கவில்லை என்று வேறு ஏரிக்குக் குடிபோகக் கிளம்பியது. போகுமுன் எல்லாரையும் கூட்டியது.

"மஞ்சக்காலி நமக்குச் செஞ்சது கொஞ்சமா? இனி அவதான் தலைவி. காவலுக்கு நம்ம கொக்கு வெள்ளையனைப் போடுங்க. அவனை மாதிரி அசையாம நிக்க யாரால முடியும்?"

மஞ்சக்காலிக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் எவனாவது வாய்க்காரி என்று சொல்லட்டும், பார்க்கலாம்!

தலைவர் உட்காரும் இடம், குளத்து நடுவில் நிற்கும் கருவேல மரத்தின் கிளை. முதல் நாளே வந்தது சிக்கல். ஆள்காட்டிக்குத் தரையில் ஓடுகிற கால். பின்விரல் பேருக்குத்தான் இருக்கும், கிளையைப் பிடிக்க உதவாது. ஏறினாள், வழுக்கினாள். மறுபடி ஏறினாள், தொபுக்கென்று குளத்தில் விழுந்தாள்.

"கரையிலயே உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"தலைவி தரையில உக்காந்தா பக்கத்துக் குளத்துக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றது நீர்க்கோழி. கோரைப்புல்லைக் கொண்டுவந்து அவள் காலைக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட்டது. "இப்ப விழ மாட்டீங்க."

விழவில்லை. கால்தான் மரத்துப்போயிற்று.

அடுத்தது வழக்கு. நீர்க்கோழிக்கும் இலைக்கோழிக்கும் ஒரு தாமரை இலைக்காகச் சண்டை.

"அந்த இலை என்னோடது தலைவி. நேத்து இவ வந்து..."

இலைக்கோழி சொல்லி முடிக்கவில்லை. "டிட்டிட்டூ!" என்று கத்திவிட்டாள் மஞ்சக்காலி. பாவம், அவளும் என்ன செய்வாள்? எதைக் கண்டாலும் உடனே கத்தித்தான் பழக்கம். காவலுக்கு அது நல்ல குணம். தீர்ப்புக்கு ஆகுமா? வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நரி வந்துவிட்டது என்று தண்ணீருக்குள் பாய்ந்தது. வழக்கு அப்படியே நின்றது.

நாலு நாள் இதே கூத்து. ஐந்தாம் நாளிலிருந்து யாரும் பாயவில்லை. "தலைவி யாரையோ திட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மஞ்சக்காலிக்கு அழுகையாய் வந்தது. கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே அவள் இட்ட முட்டைகள் நாலு இருந்தன. அவள் வீட்டுக்காரன் அடைகாத்துக்கொண்டிருந்தான். அங்கே போய் நின்றால் போதும் என்றிருந்தது. ஆனால் இறங்கினால், பதவி தாங்கவில்லை என்று ஊர் சொல்லுமே!

ஒரு நாள் நல்ல உச்சிவெயில். முட்டைச் சூட்டைத் தணிக்க வயிற்றை நனைத்து வரலாம் என்று வீட்டுக்காரன் மடைப் பக்கம் போயிருந்தான். முட்டைகளுக்குப் பக்கத்தில் வாத்து தன் ஒன்பது குஞ்சுகளோடு படுத்திருந்தது. வெள்ளையன் ஒற்றைக்காலில் நின்றான். சிலைகூட அப்படி நிற்காது.

புதருக்குப் பின்னால் ஒரு வால் அசைந்ததை மஞ்சக்காலி கிளையிலிருந்து பார்த்தாள். நரி!

"டிட்டிட்டூ! டிட்டிட்டூ!"

"இன்னிக்குத் தீர்ப்பு கொஞ்சம் காரம்தான்" என்று சொல்லிவிட்டு வாத்து கண்ணை மூடிக்கொண்டது. வெள்ளையன் திரும்பவே இல்லை.

நரி ஒரு அடி வைத்தது. இன்னும் ஒரு அடி. மஞ்சக்காலி எழும்பினாள். கோரைக்கட்டு விடவில்லை. பதவியாவது மண்ணாவது என்று அலகால் கோரையைப் பிய்த்தாள். காலில் தோல் உரிந்தது. அறுத்துக்கொண்டு பறந்தாள். கத்திக்கொண்டே போய் நரியின் முகத்தில் இறக்கையால் அறைந்தாள்.

கரையிலிருந்து அந்தக் குரல் கேட்டதும் வாத்துக்கு விளங்கிவிட்டது. அது திட்டுகிற குரல் இல்லை. தாயும் ஒன்பது குஞ்சுகளும் தண்ணீரில் விழுந்தன. கண்ணில் அடிபட்ட நரி திரும்பி ஓடியது. ஓடுகிற வேகத்தில் ஒரு முட்டையை மிதித்துவிட்டுப் போயிற்று.

மஞ்சக்காலி உடைந்த ஓட்டை அலகால் ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றின்மேல் உட்கார்ந்தாள். பெற்ற வயிறு எரிந்தது.

வெள்ளையன் தலையைத் தொங்கப்போட்டபடி வந்தான். "நான் நல்லாத்தான் நின்னேன் அக்கா."

"நின்னே தம்பி. பாத்தியா?"

"மீனைப் பாத்தேன்."

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவளும் கிளையில் உட்கார்ந்துதான் இருந்தாள். தலைவியாகவா இருந்தாள்?

"நான் இனி மரம் ஏற மாட்டேன்" என்றாள். "என் வேலை இந்தக் கரையிலதான்."

"ஊர் என்ன பேசும்?" என்றது நீர்க்கோழி.

"பேசட்டும். பேச உயிரோட இருக்கணும்ல?"

வெள்ளையன் மீன் பிடிக்கப் போனான். ஆமையைத் தலைவராக்கினார்கள். அதற்கும் மரம் ஏற வராது. அதனால் இந்த முறை கட்டிப்போடாமல், கரையில் ஒரு பாறையைத் தலைவர் இருக்கையாக வைத்தார்கள். ஆமை முழு வழக்கையும் கேட்டுவிட்டு, தலையை உள்ளே இழுத்து யோசித்து, வெளியே நீட்டுவதற்குள் நீர்க்கோழியும் இலைக்கோழியும் சமாதானமாகி வீட்டுக்குப் போயிருந்தன.

ஒரு நாள் பக்கத்துக் குளத்துப் பறவையான அரிவாள்மூக்கன் வந்து கரையில் மேய்ந்தது. "தலைவியா இருந்தவளாமே நீ. இப்ப மறுபடி கத்துற வேலையா? இதுக்கு..."

"டிட்டிட்டூ!"

அரிவாள்மூக்கன் அலறிக்கொண்டு கோரைக்குள் புகுந்தது. அது நின்ற இடத்தில் கழுகு ஒன்று இறங்கி, இரை கிடைக்காமல் வெறுங்காலோடு எழும்பிப் போயிற்று.

"என்னமோ கேட்டீங்களே?" என்றாள் மஞ்சக்காலி.

"ஒண்ணுமில்ல தாயி. நீ உன் வேலையைப் பாரு."

உயரமான இடம் கிடைத்துவிட்டதே என்று ஒட்டிக்கொண்டிருப்பதைவிட, தன் திறமைக்கு ஏற்ற வேலைக்கு வெட்கப்படாமல் திரும்பி வருகிறவரே தமக்கும் பிறருக்கும் உதவுகிறார்.